வெட்டியதும் ஒட்டியதும்: அணுகுண்டுச் சான்றுரை நூல்களின் வரலாறு

கரி என்னும் சொல்லுக்குச் சான்று என்றொரு பொருள் பழந்தமிழில் உண்டு. சங்கப் பாடல்களிலும் திருக்குறளிலும் அது அப்பொருளில் ஆளப்பெற்றிருப்பதை நம் வட்டத்தார் நன்கறிவர். எரிந்து எஞ்சியது கரி. கண்டவர் உரைப்பதும் கரி. இவ்விரு பொருளும் ஒன்றாய் நிற்கும் காட்சி ஒன்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது. பள்ளிச் சிறுவன் ஒருவனின் உணவுப் பெட்டி அது. அன்று அவன் உண்ணாமற்போன உணவு பெட்டிக்குள் கரிக்கட்டியாய்க் கிடக்கிறது. மகனைத் தேடிச் சென்ற தாய் அவன் உடலுக்கு அடியில் அதனைக் கண்டெடுத்தாள். பொருளாய் எஞ்சிய கரி அது. சொல்லாய் எஞ்சிய கரி எவ்வாறு நூலாயிற்று, நூலாகும் வழியில் அதற்கு என்னென்ன நேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவிலும், 9ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியிலும் குண்டுகள் வெடித்தன. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் 70,000 பேருக்கு மேலும் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்வளவும் பள்ளிப் பாடநூலிலிருந்தே நாம் அறிந்தவை. உயிர் தப்பியோரை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்பர். குண்டுக்கு ஆளானோர் என்பது அதன் பொருள். அவர்கள் தாம் கண்டதை எழுத முற்பட்டபோது அச்சகத்தின் வாயிலில் ஒருவர் நின்றிருந்தார் என்பதுதான் பலரும் அறியாதது. அவர்தாம் தணிக்கையாளர்.

ஜப்பானை ஆண்ட நேசநாட்டுப் படைத் தலைமை 1945 செப்டம்பரில் அச்சுநெறி விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளில் அணுகுண்டு என்னும் சொல்லே இல்லை. பொது அமைதியைக் குலைப்பனவும் நேசநாடுகளைக் குறைகூறுவனவும் அச்சாகலாகா என்றன, அவ்வளவே போதுமானதாயிற்று. போருக்கு முன் ஜப்பானிய அரசும் கடுந்தணிக்கை செய்ததுதான். ஆயினும் அன்று நீக்கிய இடத்தில் பெருக்கற்குறிகள் இருக்கும். ஏதோ பறிபோயிற்று என்று படிப்பவர் உணர்வர். புதிய தணிக்கை அந்தத் தடயத்தையும் மறுத்தது. கருமை பூசக்கூடாது, வெற்றிடம் விடக்கூடாது. வெட்டியதே தெரியாதவாறு எழுத்தை மீண்டும் கோக்க வேண்டும். 1949 இறுதிவரை இது நீடித்தது. எனவே அந்நான்காண்டுகளில் வெளிவந்த எந்தச் சான்றுரையையும், எது இல்லை என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இதிலொரு முரணையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் 'நியூ யார்க்கர்' இதழ் 1946 ஆகஸ்டு 31 நாளிட்ட இதழ் முழுவதையும் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'வுக்கே ஒதுக்கிற்று. ஆறு பேர் கண்டதையும் பட்டதையும் அலங்காரமின்றிச் சொன்ன அந்நெடுங்கட்டுரை அவ்வாண்டிலேயே நூலாகி உலகெங்கும் பரவிற்று. யாருடைய கதையோ அவர்களுடைய மொழியில் அது வெளிவர 1949 ஆயிற்று.

ஓதா யோகோ என்னும் பெண் எழுத்தாளர் 1945 இலையுதிர் காலத்திலேயே 'பிணங்களின் நகரம்' என்னும் நூலை எழுதி முடித்தார். எழுதுதாள் கிட்டாத நாள்கள் அவை. கதவுச் சட்டங்களிலிருந்து உரித்த தாளிலும் கைக்குக் கிடைத்த துண்டுகளிலும் எழுதினார். தாமும் சாகக்கூடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்னும் பரபரப்பு அந்நூலின் நடையிலேயே தெரிகிறது. 1948இல் ஒரு பகுதி நீக்கப்பட்டு வெளிவந்தது. முழுநூல் 1950இல்தான் வந்தது. ஹாரா தமிகியின் 'கோடை மலர்கள்' நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர் கவிஞர். முந்தைய ஆண்டு மனைவியை இழந்தவர். அவள் கல்லறைக்கு மலர் கொண்டு செல்வதில்தான் கதை தொடங்குகிறது. இரண்டு நாள் கழித்துக் குண்டு விழுகிறது. தப்பி ஆற்றங்கரையை அடைந்த அவர், பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் கண்டதையெல்லாம் கதகானா எழுத்தில் சுருக்கமாய்ப் பதிந்தார். அயற்சொற்களை எழுதவும் தந்திகளிலும் பெரிதும் பயன்படும் கோணல்மாணலான எழுத்து வகை அது. கதையிலும் அழிவின் நடுவே நடை திடீரென அவ்வெழுத்துக்கு மாறுகிறது. அக்காட்சியைச் சொல்ல வழக்கமான எழுத்து பொருந்தவில்லை என்று அவர் கருதியதாகப் படிக்க இடமுண்டு. கதைக்கு அவர் முதலில் இட்ட தலைப்பு 'அணுகுண்டு'. தணிக்கைக்கு அஞ்சித் தலைப்பும் மாறிற்று, வெளியிடவிருந்த இதழும் மாறிற்று. 1947 ஜூனில் வேறோர் இதழில் சில வரிகள் குறைந்து வெளிவந்தது. ஒரு கவிஞனின் துயரக் குறிப்பென எண்ணி நாம் வியக்கும் தலைப்பில் தணிக்கையின் நிழலும் இருக்கிறது.

ஜப்பானியக் குறும்பாக்களைத் தமிழர்க்கு அறிமுகம் செய்து பாரதி 1916இலேயே கட்டுரை எழுதினார். ஐக்கூவை நம் கவிஞர்கள் எவ்வளவு விரும்பிக் கையாண்டனர் என்பதும் தெரிந்ததே. அதனினும் சற்று நீண்ட வடிவம் 31 அசைகள் கொண்ட தன்கா. நிலவும் பனியும் பிரிவும் பாடிப் பழகிய அவ்வடிவத்தில் ஷோதா ஷினோயே என்பவர் ஆசிரியரும் மாணவரும் எலும்புகளாய் ஒருங்கே கிடந்த காட்சியைப் பாடினார். 'சங்கே' என்னும் அவர்தம் தொகுதி அனுமதி பெறாமல் 1947இல் கமுக்கமாக அச்சிடப்பட்டது. அச்சிட்ட இடம் ஹிரோஷிமாச் சிறைச்சாலையின் அச்சகம். 150 படிகள் என்பர். கடையில் விற்காமல், இழந்தோர் கையில் ஒவ்வொன்றாய்க் கொடுத்தார். ஆயிரம் படி அச்சிட்டும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நமக்கு, இந்த 150 படிகள் சென்று சேர்ந்த இடங்களை நினைக்கையில் சற்றே நாணம் உண்டாகிறது. அக்காட்சியைப் பாடிய தன்கா இன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஷினோயே 1965இல் புற்றுநோயால் மறைந்தார்.

இதுவரை வெட்டப்பட்டவற்றைக் கண்டோம். ஒட்டப்பட்டது ஒன்றும் உண்டு. என் கருத்தில் இவ்வரலாற்றின் மிகச் சிக்கலான இடம் அதுவே.

நாகசாகி மருத்துவக் கல்லூரியின் கதிரியல் மருத்துவர் நகாய் தகாஷி. குண்டில் மனைவியை இழந்தார். காயமுற்ற நிலையிலும் பிறர்க்கு மருத்துவம் செய்தார். கதிர்வீச்சுப் பணியால் குண்டுக்கு முன்பே அவரைப் பற்றியிருந்த இரத்தப் புற்று அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. படுத்த நிலையிலேயே 1946இல் 'நாகசாகியின் மணிகள்' என்னும் நூலை எழுதினார். இசைவு எளிதில் கிட்டவில்லை. இறுதியில் ஒரு கட்டுப்பாட்டோடு இசைந்தனர்: 1945 பிப்ரவரியில் தொடங்கிய மணிலாப் போரில் ஜப்பானியப் படையினர் அந்நகர மக்களைக் கொன்று குவித்தது பற்றி அமெரிக்கப் படைத்தரப்பு தொகுத்த அறிக்கையையும் உடன்சேர்த்து ஒரே நூலாக வெளியிட வேண்டும். அவ்வாறே 1949 ஜனவரியில் வெளிவந்தது. படிகள் பெருமளவில் விற்றன. மறு ஆண்டில் திரைப்படமும் ஆயிற்று.

இவ்வொட்டின் உள்நோக்கம் தெளிவு. உங்களுக்கு இது நேர்ந்தது, ஏனெனில் நீங்கள் அதனைச் செய்தீர்கள் என்று படிப்பவரிடம் சொல்லாமல் சொல்வது. நாகசாகிக் குழந்தைக்கும் மணிலாப் படைவீரனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விடையில்லை. ஒருவர் துயரைச் சொல்ல இன்னொருவர் துயரை விலையாய்க் கேட்பது இரு துயருக்கும் இழைக்கும் அவமதிப்பு. எனினும் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் கூடாது. மணிலாவில் நடந்தது பொய்யன்று. தணிக்கை நீங்கி நாடு தன்னாட்சி பெற்ற பின்னர் வந்த பதிப்புகளில் அந்த இணைப்பு பெரும்பாலும் இடம்பெறவில்லை. கட்டாயத்தால் ஒட்டியதை விடுதலை பெற்ற பின் வெட்டியது இயல்பே. ஆனால் அவ்வெட்டோடு மணிலாவும் பக்கங்களிலிருந்து மறைந்தது. இதனை நினைவிற் கொண்டு மற்றொரு கவிஞரிடம் செல்வோம்.

குரிஹாரா சதாகோ ஹிரோஷிமாவில் பிறந்தவர். அரசாட்சியையே ஏற்காத கொள்கையினர். போர்க்காலத்திலேயே போரை எதிர்த்துக் கமுக்கமாகக் கவிதை எழுதி வைத்தவர். குண்டு விழுந்த சில நாளில் ஒரு செய்தி அவர் செவிக்கு எட்டியது. அஞ்சலகச் சேமிப்பு நிலையக் கட்டடத்தின் நிலவறையில் காயம்பட்டோர் இருளில் கிடக்க, ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. படுகாயமுற்றுக் கிடந்த மருத்துவச்சி ஒருவர் எழுந்து பேறு பார்த்தார் என்பதே அச்செய்தி. இதனைப் பாடிய கவிதை 1946 மார்ச்சில் அவரும் கணவரும் தொடங்கிய 'சூகோகு புங்கா' இதழில் வந்தது. அணுகுண்டுச் சிறப்பிதழாகவே அம்முதல் இதழை வெளியிட்ட துணிவு பாராட்டத்தக்கது. கவிதையில் விடியுமுன் மருத்துவச்சி இறந்துவிடுகிறார். உண்மையில் அவர் இறக்கவில்லை, பிழைத்தார். பிறந்த குழந்தையும் வளர்ந்து பெரியவளாயிற்று.

கவிதை சான்றாகுமா என்னும் வினா இங்கு எழுகிறது. வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர். சதாகோ அந்நிலவறையில் இருந்தவரல்லர், கேட்டதைப் பாடியவர். உயிர் போகும் வேளையிலும் உயிரைப் பிறப்பிப்போம் என்னும் உறுதியே அவர் பாட வந்த பொருள். அதற்கு அம்மரணம் அவருக்குத் தேவைப்பட்டது. அதனைக் குற்றமென்று நான் கருதவில்லை. ஆனால் உயிரோடிருந்த அம்மருத்துவச்சி, தாம் இறந்ததாகச் சொல்லும் கவிதை நாடெங்கும் புகழ்பெறக் கண்டார் என்பதையும் கவிதையோடு சேர்த்தே கற்பிக்கிறேன். சான்றுரையை எடுத்தாளும் கவிஞர்க்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதே 1946 ஆகஸ்டில் சதாகோவின் 'கருமுட்டைகள்' தொகுதி வெளிவந்தது. தணிக்கையாளர் சில பாடல்களை நீக்கினர். அதன்பின் நேர்ந்ததுதான் கருதத்தக்கது: அஞ்சிய கவிஞர் தாமே மேலும் பல பாடல்களை நீக்கினார். பிறர் வெட்டியதைவிடத் தன் கை வெட்டியதே அவரை நெடுநாள் உறுத்தியிருக்க வேண்டும். நீக்கியவற்றையெல்லாம் மீட்டுச் சேர்த்த முழுப்பதிப்பு 1983இல் வந்தது. இடைவெளி 37 ஆண்டுகள்.

தணிக்கை ஓய்ந்த பின்னும் அச்சம் ஓயவில்லை. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அமைதிக் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன், கொரியாவில் அணுகுண்டைப் பயன்படுத்துவதும் கருத்தில் உள்ளது என்று செய்தியாளரிடம் கூறினார். அடுத்த மார்ச்சு 13ஆம் நாள் ஹாரா தமிகி தோக்கியோவில் இருப்புப்பாதையில் படுத்து உயிர்நீத்தார். அதே செய்தி ஹிரோஷிமாவில் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் கிடந்த தோகே சங்கிச்சியை எழுத வைத்தது.

தோகேயின் கதை இலக்கிய வட்டம் நடத்துவோர் அனைவரும் அறியவேண்டியது. 1949இல் அவர் 'நம் பாடல்கள் சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். தொழிலாளர், பணியாளர், மாணவர் எனப் பலதிறத்தோர் கூடிக் கவிதை எழுதிய சிறு வட்டம் அது. அவருடைய 'அணுகுண்டுக் கவிதைகள்' தொகுதியைத் தலைநகரப் பதிப்பகம் ஏற்கவில்லை. எனவே மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறி உருளையோட்டி, நாம் சைக்ளோஸ்டைல் என்போமே, அம்முறையில் 1951 செப்டம்பரில் 500 படிகள் எடுத்தனர். சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கு அந்த மையின் மணம் பழகியதே. அட்டைப்படம் வரைந்தவர் ஓவியர் ஷிகோகு கோரோ. சைபீரியச் சிறைமுகாமிலிருந்து திரும்பி வந்தபோது தம்பி அணுகுண்டுக்குப் பலியானதை அறிந்தவர் அவர்.

இவ்விருவரும் சேர்ந்து செய்த இன்னொன்று தெருமுனைக் கவிதை. ஒரு பெருந்தாளில் தோகே முதலானோரின் கவிதை, அதனோடு கோரோவின் ஓவியம். ஒவ்வொன்றும் கையால் செய்த ஒரே படி. அதனைச் சுவரிலோ கடையோரத்திலோ ஒட்டுவர்; காவலர் வருமுன் எடுத்துக்கொண்டு அகல்வர். நூற்றுக்கு மேல் செய்தனர். இன்று எஞ்சியவை எட்டு மட்டுமே. தொகுதி அச்சாகி ஈராண்டு முடியுமுன், 1953 மார்ச்சில், அறுவை மருத்துவத்தின்போது தோகே இறந்தார். அப்போது அவர்க்கு 36 அகவை. கோரோ 2014வரை வாழ்ந்தார்.

1950களுக்குப் பின் வந்தவற்றை விரைந்தே சொல்லிச் செல்லலாம். கல்வியாளர் ஓசாதா அராதா 105 சிறுவர் சிறுமியரின் கட்டுரைகளைத் தொகுத்து 1951இல் வெளியிட்டார். தாயை இழந்த பிள்ளை பள்ளிக் கட்டுரை நடையில் அதனைச் சொல்வதைப் படிப்பது எளிதன்று. மருத்துவர் ஹாச்சியா மிச்சிஹிகோவின் 'ஹிரோஷிமா நாட்குறிப்பு' 1955இல் ஆங்கிலத்தில் வந்தது. பெயர் தெரியாத நோயொன்று நாளுக்கு நாள் உருவெடுப்பதை ஒரு மருத்துவமனைத் தலைவரின் கண்ணால் அதில் காண்கிறோம். நாகசாகியில் 14 அகவையில் குண்டுக்கு ஆளான ஹயாஷி கியோகோ முப்பதாண்டு கழித்து எழுதிய குறுநாவல் 1975இல் அகுதகாவா பரிசு பெற்றது. ஓதா, ஷோதா, குரிஹாரா, ஹயாஷி ஆகிய நால்வரும் பெண்டிர் என்பதைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலவில்லை. ஊர் எரிந்தபின் உடல்களைத் தேடியவர்களும் கழுவியவர்களும் பெரும்பாலும் அவர்களே அல்லவா?

இபுசே மசுஜியின் 'கருமழை' பற்றி மட்டும் சற்று நிற்கவேண்டும். 1965 தொடங்கித் தொடராக வந்த இந்நாவல், ஷிகேமத்சு ஷிசுமா என்பவர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைப் பெரிதும் தழுவியது. கதையிலும் ஒருவர், தம் வளர்ப்பில் உள்ள மருமகளுக்குக் கதிர்நோய் இல்லை என்று மணமகன் வீட்டாரை நம்பவைக்க, தம் குறிப்புகளைப் படியெடுக்கிறார். சான்று கூறுவது உலகிற்காக அன்று, ஒரு பெண்ணின் திருமணத்திற்காக என்னும் இவ்வமைப்பு நம் வீடுகளுக்கும் புரியும். மூலநாட்குறிப்பு 2001இல் தனிநூலாக வந்தபின், எது எழுத்தாளர் படைத்தது, எது பட்டவர் எழுதியது என ஒப்பிட வழி பிறந்தது. தழுவியதால் நாவலின் பெருமை குறைந்துவிடவில்லை என்பதே என் துணிபு. ஆயினும் அட்டையில் ஒரு பெயரே இருந்தது.

எழுதத் தெரியாதோரும் எழுத்துக்கு அகப்படாததைக் கண்டோரும் வரைந்தனர். 1974இல் முதியவர் ஒருவர் தாம் வரைந்த படத்தோடு ஹிரோஷிமாவின் தொலைக்காட்சி நிலையத்திற்கு வந்தார். அதனைக் கண்ட நிலையத்தார் மக்களிடம் படங்கள் வேண்டினர். ஈராண்டில் 2,200க்கும் மேல் சேர்ந்தன. விளம்பரத் தாளின் பின்புறத்திலும் பேரப்பிள்ளையின் வண்ணக்கோலாலும் வரைந்தவை பல. படத்தின் ஓரத்தில் இடம், நேரம், தான் செய்ய இயலாமற்போன உதவி ஆகியவற்றை எழுதியிருந்தனர். இவ்வரலாற்றில் எவரும் எதையும் வெட்டாத தொகுதி என்று எனக்குத் தோன்றுவது இதுவே.

இனி மணிலாவுக்குத் திரும்புவோம். 1972இல் குரிஹாரா சதாகோ ஒரு கவிதை எழுதினார். ஹிரோஷிமா என்று நாம் உச்சரிக்கும்போது பிற நாட்டார் இரக்கத்தோடு மறுமொழி தருவார்களா என்பது அதன் வினா. தராமல், ஜப்பான் தாக்கிய பேர்ல் துறைமுகத்தையும் நான்கிங் படுகொலையையும் அவர்கள் நினைவூட்டுவர் என்கிறது கவிதை. அவ்வரிசையில் மணிலாவில் எரிக்கப்பட்ட பெண்களும் குழந்தைகளும் வருகின்றனர். 1949இல் ஆணையால் நகாயின் நூலோடு ஒட்டப்பட்ட அதே மணிலா! அன்று தணிக்கையாளன் அதனை வாயடைக்கப் பயன்படுத்தினான். அதே தணிக்கையாளனிடம் தன் பாடல்களை இழந்தவர், 23 ஆண்டு கழித்து, எவரும் கேளாமலே அதனைத் தம் கவிதைக்குள் கொணர்ந்தார். செய்தி ஒன்றே. ஆணையில் அது தண்டனையாய் வந்தது. கவிதையில் தன் ஊரைப் பற்றிப் பேசும் தகுதியைத் தேடும் முயற்சியாய் வந்தது. ஜப்பானியர் பலர்க்கு இக்கவிதை உவப்பாயில்லை. குண்டுக்குப் பலியான கொரியர்க்கென 1970இல் எழுப்பிய நினைவுக்கல் அமைதிப் பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் நின்றது. உள்ளே இடம்பெற 1999 ஆயிற்று. யார் சான்று சான்றாகும் என்னும் வழக்கு அங்கும் அத்துணை எளிதில் தீரவில்லை.

1956இல் அமைந்த ஹிபாகுஷாக்களின் நாடளாவிய கூட்டமைப்பான நிஹோன் ஹிதான்க்யோவுக்கு 2024ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. ஓஸ்லோவில் உரையாற்றிய தனகா தெருமி, 13 அகவையில் நாகசாகியில் உறவினர் ஐவரை இழந்தவர். 2025 மார்ச்சு இறுதியில் அரசுப் பதிவில் இருந்த ஹிபாகுஷாக்கள் 99,130 பேர். ஓரிலட்சத்திற்குக் கீழ் அவ்வெண் இறங்கியது அதுவே முதன்முறை. அவர்தம் சராசரி அகவை 86ஐக் கடந்திருந்தது. ஹிரோஷிமா நகராட்சி 2012 முதல், ஒருவர் பட்டதைக் கேட்டறிந்து அவர் சார்பில் எடுத்துரைக்கும் வழியுரைஞர்களைப் பயிற்றி வருகிறது. நாடுமுழுதும் எழுதப்பெற்ற நினைவுரைகளைத் திரட்டிக் காக்க 2002இல் ஹிரோஷிமாவிலும் மறு ஆண்டு நாகசாகியிலும் தேசிய நினைவுமன்றங்கள் திறக்கப்பட்டன.

ஜப்பானிய மொழி அறியாத நாம் இவற்றை ஆங்கிலத்தின் வழியே படிக்க வேண்டியிருக்கிறது. ரிச்சர்டு மைனர் மொழிபெயர்த்துத் தொகுத்த 'ஹிரோஷிமா: மூன்று சாட்சிகள்' (1990) நூலில் ஹாரா, ஓதா, தோகே மூவரும் உள்ளனர், 'கருமுட்டைகள்' 1994இல் அவர் மொழிபெயர்ப்பிலேயே வந்தது. தணிக்கைக்கென அந்நாளில் ஒப்படைக்கப்பட்ட நூல்களும் இதழ்களும் கடல் கடந்து அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிரேஞ்சு தொகுப்பு என்னும் பெயரில் இருக்கின்றன. தணிக்கை செய்ததையே எவரும் அறியலாகாது என்று விதித்தவர்கள், தணிக்கையாளரின் குறியீடுகளோடு ஒவ்வொரு படியையும் கட்டி எடுத்துச் சென்று பேணி வைத்தனர். எது எங்கே வெட்டப்பட்டது என்று அறிய விரும்பும் ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கேதான் சென்று பார்க்கின்றனர்.